கோகுல்தாமுக்கு எப்போது பூட்டு?

வாசகர் ஒருவரின் கேள்வி, 29 ஜூலை 2024

மும்பையில் கோகுல்தாம் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் நடக்கும் இந்தி நகைச்சுவைத் தொடர் 'தாரக் மேத்தா கா உல்டா சஷ்மா' தொடங்கி நேற்றோடு 16 ஆண்டுகள் முடிந்தன. 4000 அத்தியாயங்களையும் தாண்டிவிட்டது. நாயகன் ஜேட்டாலாலின் மனைவி தயா போனாள். தாரக் மேத்தாவாக நடித்தவர் போனார். அவர்கள் மகன் டப்பு இரண்டு முறை ஆள் மாறினான். இப்போது டப்புவின் நண்பன் கோலியாக நடித்த பையனும் விடைபெற்றுவிட்டான். இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். மானத்தோடு முடித்திருக்க வேண்டிய ஆண்டு எது? மும்பைத் தமிழர்கள் யாராவது இன்னும் பார்க்கிறீர்களா? பார்த்தால், ஏன்?

29 ஜூலை 2024, இரவு

என் பதில்: 2017. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

அந்த ஆண்டு மார்ச் 1ஆம் தேதி, இந்தக் கதைக்கே மூலமான குஜராத்தி எழுத்தாளர் தாரக் மேத்தா காலமானார். 'சித்ரலேகா' வார இதழில் 1971இல் தொடங்கி அவர் எழுதிய பத்திதான் ஜேட்டாலாலையும் அவன் அப்பா சம்பக்லாலையும் பெற்றது. அதே ஆண்டில் டப்புவாக நடித்த பவ்யா காந்தி விலகினார். செப்டம்பரில் தயாவாக நடித்த திஷா வகானி பேறுகால விடுப்பில் போனார், போனவர்தான். எங்கள் டோம்பிவிலி சொசைட்டியில் ஒரு வீட்டிலிருந்து ஒரே ஆண்டில் மூன்று பேர் போய்விட்டால், மிச்சம் இருப்பவர்கள் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்வார்கள். ஜேட்டாலாலுக்கு அந்த விவேகம் இல்லை.

தயா போன அன்றோடு நானும் நிறுத்திவிட்டேன்.

30 ஜூலை, காலை, கல்யாண் லோக்கலில் நின்றுகொண்டு

நேற்று எழுதியதன் கடைசி வரி பொய். தயா போன அன்று, அவள் போகிறாள் என்றே யாருக்கும் தெரியாது. அகமதாபாத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். குழந்தை பெற்ற நடிகை நான்கு மாதத்தில் திரும்பி வந்துவிடுவார் என்று எல்லோரையும் போல நானும் தட்டோடு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தேன். 2019 கடைசி வரைக்கும் பார்த்தேன்.

30 ஜூலை, இரவு

என் மனைவி இதைப் படித்துவிட்டு, "கொரோனா ஊரடங்கில் படப்பிடிப்பு நின்று, ஜூலையில் புது அத்தியாயம் வருகிறது என்றதும் குக்கரை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடியது யார்?" என்று கேட்கிறாள். சரி, 2020.

31 ஜூலை

'பாத்திரம் ஒன்றுவிடாமல் எல்லாரும் மாறிவிட்டார்கள்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அது சரியில்லை. ஜேட்டாலால் அதே திலீப் ஜோஷி. அவருடைய அப்பா சம்பக்லால் அதே அமித் பட். (மகனாக நடிப்பவரைவிட அப்பாவாக நடிப்பவர் வயதில் இளையவர் என்பதை இதுவரை அறியாதவர்கள் இப்போது அறிந்துகொள்ளுங்கள்.) பபிதா, ஐயர், சொசைட்டிச் செயலாளர் பிடே மாஸ்டர், நிருபர் போபட்லால், கடை அப்துல் எல்லாரும் அன்றைக்கு வந்தவர்களே. மாறியவர்கள் தாரக், அவர் மனைவி அஞ்சலி, சோடி, டப்பு, சோனு, டாக்டர் ஹாத்தி, ஜேட்டாலால் கடையில் வேலை பார்க்கும் நட்டு காகா. இதில் கடைசி இரண்டு பேர் மாறியதற்குக் காரணம் மரணம். அதைப் பற்றி எழுத வேண்டும், இன்றைக்கு வேண்டாம்.

2 ஆகஸ்ட்

ஏன் பார்த்தேன் என்பதற்கு நேர்மையான பதில்: அம்மா.

அப்பா காலமானபின் 2009இல் அம்மாவை அம்பாசமுத்திரத்திலிருந்து இங்கே அழைத்துவந்தேன். அம்மாவுக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விடுவோம், மகள் பள்ளிக்கு. தமிழ்ச் சேனல் ஒன்றிரண்டு வந்தன. அவற்றில் அழுகைதான் ஓடியது. "வீட்டில் அழுததே போதும், இதையும் எதற்குப் பார்க்க?" என்று அம்மா ரிமோட்டை அமுக்கிக்கொண்டே போனவள் கோகுல்தாமில் நின்றாள். மொழி புரியவில்லை. ஆனால் அங்கே யாரும் அழவில்லை. மாமனார் மருமகளை அதட்டவில்லை. மகன்தான் அப்பாவிடம் திட்டு வாங்குகிறான். பால்கனியில் நின்று கீழே இருப்பவனிடம் பேசுகிறார்கள், ஆபத்து என்றால் எல்லாரும் கிளப் ஹவுஸ் முன்னால் கூடுகிறார்கள். அதற்கு மொழி தேவைப்படவில்லை.

ஆறே மாதத்தில் அம்மா இந்தி பேசினாள். அந்த இந்தி உலகத்தில் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடையாது. தயாவின் குஜராத்தி இழுவையும் அம்பாசமுத்திரத்து ஏற்ற இறக்கமும் கலந்தது. பால் பொங்கிவிட்டால் "ஹே மா, மாதாஜி!" என்பாள். காய்கறிக்காரரிடம் விலை படியவில்லை என்றால் போபட்லாலைப் போல "கேன்சல், கேன்சல்" என்று கையை ஆட்டிவிட்டு நடப்பாள். அவர் சிரித்துக்கொண்டே பின்னால் கூப்பிட்டுக் கொடுப்பார். எங்கள் மாடிக் குஜராத்திப் பெண்மணிகள் நவராத்திரிக்கு அம்மாவைக் கர்பா ஆடக் கூட்டிப்போனார்கள். ஊரில் கும்மிக்குக்கூட எழுந்திருக்காதவள் ஆடினாள்.

2017 தொடக்கத்தில் அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டாள், தம்பி வீட்டுக்கு. தயா போவதற்குச் சில மாதம் முன்பு. எனவே நான் முதல் நாள் எழுதிய '2017' எவ்வளவு தூரம் தொடரைப் பற்றியது, எவ்வளவு தூரம் எங்கள் வீட்டுக் கூடத்தைப் பற்றியது என்று எனக்கே சந்தேகம் வருகிறது.

4 ஆகஸ்ட்

ஐயர் பற்றிக் கேட்கிறார்கள். கேட்பார்கள் என்று தெரியும்.

விஞ்ஞானி கிருஷ்ணன் ஐயர். மனைவி வங்காளி பபிதா. பக்கத்து வீட்டு ஜேட்டாலாலுக்கு அவளைப் பார்த்தால் மூச்சு நிற்கும், ஐயரைப் பார்த்தால் பல் கடிக்கும். ஐயராக நடிக்கும் தனுஜ் மஹாஷப்தே மத்தியப் பிரதேசத்துக்காரர். அவர் முதலில் இத்தொடருக்கு எழுதும் குழுவில் இருந்தவர். தமிழுக்கும் அவருக்கும் உள்ள உறவு 'ஐயையோ'வில் தொடங்கிப் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். கறுப்பு நிறம், இட்லி, சாம்பார், கோபம். பதினாறு ஆண்டுகளில் அவர் என்ன ஆராய்ச்சி செய்தார் என்பது இந்திய அறிவியலின் பெரும் ரகசியம்.

எங்கள் மாடியில் அன்றைக்கும் இன்றைக்கும் என் பெயர் 'ஐயர் பாய்'. நான் ஐயர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வஞ்சிரம் மீன் குழம்பு நான்கு மாடிக்கு மணக்கும். அந்த மணத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு படியிறங்கும் பெரியவரும் "கேம் சோ, ஐயர் பாய்?" என்றுதான் கேட்பார். முதலில் திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். வாடகைக்கு வீடு தேடிய காலத்தில் 'மதராசி' என்று கூப்பிட்டவர்கள் இருந்த ஊரில் இது ஒரு படி மேல் என்று அப்போது தேற்றிக்கொண்டேன்.

4 ஆகஸ்ட், சற்று நேரம் கழித்து

'மேல்' என்று எழுதியது உறுத்துகிறது. எதைவிட மேல்? ஒரு சாதிப் பெயரை மொத்த மாநிலத்துக்கும் மாட்டிவிட்டதை நான் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான். என் மகள் அப்படிச் சிரிப்பதில்லை. கல்லூரியில் ஒருத்தன் 'ஐயையோ' என்று இழுத்தபோது, 'நீ பேசுவது எந்த மாநிலத்துத் தமிழ்?' என்று கேட்டிருக்கிறாள்.

இருந்தாலும் ஐயருக்காக ஒரு வார்த்தை. அந்தக் கட்டடத்தில் படித்தவர், நேர்மையாக வரி கட்டுபவர், ஒரு காரியம் முறையாக நடக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர் அவர்தான். சிரிப்புக்கு ஆளாவதும் அதனால்தான். இது தமிழனுக்கு மட்டும் நேர்வதில்லை, பிடே மாஸ்டருக்கும் அதே கதி.

5 ஆகஸ்ட்

புனேயிலிருந்து எழுதியவர் 2020 மார்ச் விவகாரத்தை நினைவுபடுத்தினார். மறந்தே போயிருந்தேன். சொசைட்டி வாசலில் ஒரு பலகை உண்டு, அதில் தினம் ஒரு பொன்மொழி எழுதுவார்கள். எந்த மொழியில் எழுதுவது என்று பேச்சு வந்தது. சம்பக்லால் சமாதானம் சொல்கிறார்: நம் கோகுல்தாம் சென்னையில் இருந்தால் தமிழில் எழுதுவோம், மும்பையில் இருக்கிறது, மும்பையின் மொழி இந்தி, ஆகவே இந்தி. அவ்வளவுதான், மகாராஷ்டிர நவநிர்மாண் சேனா கட்சி கொதித்தது. மும்பையின் மொழி மராட்டி என்பது பெரியவருக்குத் தெரியாதா என்றார்கள். தயாரிப்பாளர் மன்னிப்புக் கேட்டார்.

எனக்கு அதில் பிடித்த செய்தி வேறு. இத்தனை ஆண்டுகளில் அந்தத் தொடர் தமிழைப் பற்றி ஒரே ஒரு நியாயமான வார்த்தை சொன்னது. அந்த வாக்கியத்திலேயே மாட்டிக்கொண்டது.

8 ஆகஸ்ட்

4000 அத்தியாயம் என்றால் எவ்வளவு என்று ரயிலில் கணக்குப் போட்டேன். அரை மணி நேரம் வீதம் 2000 மணி. ஊண் உறக்கம் இல்லாமல் 83 நாள். அமெரிக்கக் கார்ட்டூன் தொடர் 'தி சிம்ப்சன்ஸ்' 1989இலிருந்து ஓடுகிறது, அதற்கே 800 அத்தியாயம் ஆகவில்லை. நாங்கள் ஆண்டுக்குச் சராசரி 250.

9 ஆகஸ்ட்

மகள் திருத்துகிறாள்: விளம்பரத்தைக் கழிக்க வேண்டும். இருபது நிமிடம் என்று வைத்தால் 1333 மணி, சுமார் 55 நாள். அதிலும் ஒருவர் அதிர்ச்சியான செய்தி சொன்னால் கூடியிருக்கும் ஒவ்வொருவரின் முகத்தையும் 'டொய்ங்' என்ற சத்தத்தோடு தனித்தனியாகக் காட்டுவார்கள், அதையும் கழித்தால் ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம் என்கிறாள். ஆறு வயதில் தரையில் புரண்டு சிரித்தவள் பேசுகிறாள் இதை.

9 ஆகஸ்ட், இரவு

அவள் விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் அங்கேதான் இருக்கிறது. பழைய அத்தியாயம் ஒன்றை இன்று போட்டுப் பார்த்தேன், 2009 என்று நினைக்கிறேன். ஜேட்டாலால் தூங்கி எழுகிறான், அப்பா குளித்துவிட்டு வருவதற்குள் படுக்கையைச் சுருட்ட வேண்டும், தயா உதவி செய்யப் போய்க் காட்டிக்கொடுக்கிறாள், டப்புவின் பந்து பிடே மாஸ்டர் வீட்டு ஜன்னலை உடைக்கிறது, கடையிலிருந்து நட்டு காகா போன் செய்கிறார். இவை அத்தனையும் முதல் விளம்பர இடைவேளைக்கு முன். வசனத்தில் பாதி வார்த்தை விளையாட்டு. குஜராத்தியில் நினைத்து இந்தியில் பேசுகிறவன் எங்கே சறுக்குவான் என்று எழுதியவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. திலீப் ஜோஷி நாடக மேடையிலிருந்து வந்தவர், ஒரு வார்த்தையை விழுங்குவதிலேயே சிரிப்பு வரவைப்பார்.

இப்போதைய அத்தியாயம் ஒன்றையும் அடுத்ததாகப் பார்த்தேன். ஒரு பொருள் காணவில்லை. அவ்வளவுதான் கதை. நேற்றும் அது காணவில்லை, நாளையும் கிடைக்காது. எல்லாரும் வட்டமாக நின்று, முன்னவர் சொன்னதையே அடுத்தவர் தன் மாநிலத்து உச்சரிப்பில் திரும்பச் சொல்கிறார். கடைசியில் ஒரு நல்லொழுக்கப் பாடம்.

10 ஆகஸ்ட்

மேலே எழுதியதைப் படித்த ஒருவர் ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்துவிட்டார்: 'குலாபோ'.

ஆமாம். ஜேட்டாலால் தன் கணவன் என்று சொல்லிக்கொண்டு ஒருத்தி வந்து நிற்பாள், வழக்கு வம்பு என்று மாதக்கணக்கில் இழுத்தார்கள். அது 2013. அப்போது தயா இருந்தாள், பழைய டப்பு இருந்தான், மூல எழுத்தாளரும் உயிரோடு இருந்தார். ஆகவே இழுவை என்ற நோய் ஆட்கள் போன பிறகு வந்ததில்லை. என் '2017' தீர்ப்பைத் திரும்பப் பெறுகிறேன். 2013 என்று வைத்துக்கொள்ளலாமா? அதுவும் முடியாது. குலாபோ கதையை அம்மாவும் நானும் நகம் கடித்துக்கொண்டு பார்த்தோம்.

13 ஆகஸ்ட்

'எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவன்தான் கலைஞன், பிரிட்டனில் ஃபால்ட்டி டவர்ஸ் மொத்தமே 12 அத்தியாயம்' என்று ஒருவர் பாடம் எடுத்திருக்கிறார். ஐயா, 12 அத்தியாயம் என்பது எங்கள் ஜேட்டாலால் ஒரு பாக்கித் தொகையை வசூலிக்க எடுத்துக்கொள்ளும் காலம். வார நாடகத்தையும் தினத் தொடரையும் ஒரே தராசில் போட முடியாது. நம் ஊரிலேயே 'சாராபாய் வெர்சஸ் சாராபாய்' எழுபது அத்தியாயத்தோடு நின்றது, இன்னும் கொண்டாடுகிறோம். 2017இல் இணையத்தில் அதைத் திரும்ப எழுப்பினார்கள், கொண்டாடியவர்களே முகம் சுளித்தார்கள்.

எனக்கு இதைவிடப் பொருத்தமாகத் தெரிவது 'மேஷ்'. கொரியப் போர் நடந்தது மூன்று ஆண்டு, அதைப் பற்றிய அந்த அமெரிக்கத் தொடர் 1972 முதல் 1983 வரை ஓடியது. 1975இல் கர்னல் ஹென்றி பிளேக்காக நடித்தவர் விலகினார். அவரை ஊருக்கு வழியனுப்பிவிட்டு, அறுவை சிகிச்சை நடக்கும் கூடாரத்துக்குள் ஒருவர் வந்து அவர் சென்ற விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது, யாரும் பிழைக்கவில்லை என்று படிப்பார். கத்தி பிடித்த கைகள் நிற்காது. நகைச்சுவைத் தொடரில் இப்படிச் செய்யலாமா என்று பார்வையாளர்கள் கோபப்பட்டார்கள். கோபப்பட்டாலும், அவர் இனி வரமாட்டார் என்று தெரிந்துகொண்டார்கள். தொடர் இன்னும் எட்டு ஆண்டு நன்றாகவே ஓடியது.

தயாவைக் கொல்லச் சொல்லவில்லை! (அதற்குள் இரண்டு பேர் வசை அனுப்பியாகிவிட்டது.) நடிகை குழந்தைகளோடு இருக்க விரும்பினார், அது அவர் உரிமை. 'தயா அம்மாவைக் கவனிக்க அகமதாபாத்திலேயே தங்கிவிட்டாள், ஜேட்டா மாதம் ஒரு முறை போய் வருகிறான்' என்று ஒரு வாரக் கதையில் சொல்லியிருந்தால் கோடிக்கணக்கானோர் ஒரு முறை அழுதுவிட்டுச் சாப்பிட்டிருப்பார்கள். இவர்கள் என்ன செய்தார்கள்? வருகிறாள், வருகிறாள் என்றார்கள். அவள் தம்பி சுந்தர் சத்தியம் செய்வான், வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள், கார் வந்து நிற்கும், கதவு திறக்கும், வேறு யாரோ இறங்குவார்கள். 2023 தீபாவளிக்கும் இதையே செய்து, கடைசியில் இணையம் முழுக்கத் தொடரைப் புறக்கணிப்போம் என்று கத்த வேண்டியதாயிற்று.

14 ஆகஸ்ட்

ஒரு துணுக்கு, நேற்றிரவு படுத்தபின் தோன்றியது. தயா எந்நேரமும் போனில் அம்மாவிடம் பேசுவாள் அல்லவா? அந்த அம்மாவின் முகத்தை யாரும் திரையில் பார்த்ததில்லை. மகள் பேசுவாள், நாம் அந்தக் கிழவியைக் கற்பனை செய்துகொள்வோம். இப்போது மகளும் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஜேட்டாலால் போனைக் காதில் வைத்துக்கொண்டு இருவரையும் கற்பனை செய்கிறான்.

17 ஆகஸ்ட்

டாக்டர் ஹாத்தியாக நடித்த கவி குமார் ஆசாத் 2018 ஜூலையில் இறந்தார். அதற்கு முன்பே ஒரு காலத்தில் அந்த வேடத்தில் நடித்திருந்த நிர்மல் சோனியைத் திரும்ப அழைத்துவந்தார்கள். நட்டு காகாவாக நடித்த கன்ஷியாம் நாயக் 2021 அக்டோபர் 3ஆம் தேதி இறந்தார். 'சம்பளத்தை எப்போது கூட்டுவீர்கள் முதலாளி?' என்று பதின்மூன்று ஆண்டு கேட்டார், கூட்டவே இல்லை, அந்த ஆண்டவன்தான் கணக்கை முடித்தான்.

17 ஆகஸ்ட், இரவு

மேலே உள்ள வேடிக்கையை அழிக்கலாம் என்று பார்த்தேன், விட்டுவைக்கிறேன், ஆனால் நன்றாக இல்லை. அந்த மனிதர் பவாய் என்ற குஜராத்திக் கூத்து மரபுக் குடும்பத்தில் பிறந்து, சிறு வயது முதல் மேடையில் நின்றவர். முதுமையில்தான் நாடு அவரைத் தெரிந்துகொண்டது. புற்றுநோய் சிகிச்சைக்கு நடுவிலும் வந்து நடித்துவிட்டுப் போனார். முடிவு ஆண்டு எது என்று கேட்டு அவரிடம் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். நீளமாக ஓடும் ஒரு தொடரால் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. விளக்குப் பிடிப்பவர், தேநீர் கொடுப்பவர், கோரேகாவ் ஃபிலிம் சிட்டியில் போட்ட அந்தக் கட்டட செட்டுக்கு ஆண்டுதோறும் வெள்ளையடிப்பவர். பார்க்கிறவனுக்கு அலுத்துவிட்டது என்பது அவர்களுக்கு ஒரு காரணமே இல்லை.

அவர் நோயில் இருந்தபோதும் கதையில் 'ஊருக்குப் போயிருக்கிறார்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மா போனில், "நட்டு காகாவைக் காணோமே?" என்று கேட்டாள். நானும் அதையே சொன்னேன்: ஊருக்குப் போயிருக்கிறார். 77 வயதில் அவர் போனார். அம்மாவுக்கு அப்போது 78. சொல்ல வாய் வரவில்லை. அடுத்த ஆண்டு வேறு ஒருவர் அதே குல்லாயும் கண்ணாடியுமாக வந்தபோது, "ஆள் இளைத்துவிட்டார்" என்றாள். ஆமாம் என்றேன்.

20 ஆகஸ்ட்

திரும்பத் திரும்ப ஒரே நகைச்சுவை என்று குறைப்படுகிறவர்களுக்கு: அது குறையில்லை. தொண்ணூறுகளில் சென்னையிலிருந்து நாடகக் குழுக்கள் மும்பைக்கு வரும். ஒரே நாடகத்தை மூன்று முறை பார்த்திருக்கிறேன். அரங்கத்தில் பாதிப்பேர் அப்படித்தான். வசனம் வருவதற்கு முன்னாலேயே சிரிப்பார்கள். எனக்கு முன்வரிசையில் ஒரு மாமா அடுத்த வசனத்தை மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தார், யாரும் அதட்டவில்லை, அவர் சொல்வது சரியாக வருகிறதா என்று நாங்களும் கவனித்தோம்.

போபட்லாலுக்கு இத்தனை ஆண்டாகக் கல்யாணம் ஆகவில்லை. 'தூஃபான் எக்ஸ்பிரஸ்' நிருபர், கையில் குடை, உலகத்தையே ஆட்டிவைப்பேன் என்று மிரட்டுவார், பெண் பார்க்கப் போவார், ஏதாவது ஒன்று தட்டிப்போகும். இது அலுத்ததே இல்லை. ஏன் என்றால் போபட்லாலுக்குக் கல்யாணம் ஆகிவிடும் என்று எனக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

20 ஆகஸ்ட், மறுபடியும்

இல்லை, கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் பத்திரிகை அடிக்கும் அளவுக்குப் போனார்கள். பிறகு ஏன் எனக்கு தயா விஷயத்தில் மட்டும் கோபம்? போபட்லால் ஏமாறும்போது அவரும் சேர்ந்து ஏமாறுகிறார். தயா விஷயத்தில் ஏமாந்தது நான் மட்டும், உள்ளே இருந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

11 செப்டம்பர்

மூன்று வாரமாக வேலை. எங்கள் சொசைட்டி லிஃப்ட் இரண்டு மாதமாக ஓடவில்லை. பொதுக்குழுவைக் கூட்டினோம். முதலில் பேசியவர் சொன்னதையே பதினோரு பேர் திரும்பச் சொன்னார்கள். ஒவ்வொருவர் முகத்தையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். 'டொய்ங்' சத்தம் மட்டும் இல்லை. தொடரின் எழுத்தாளர்களைப் பற்றி 9 ஆகஸ்ட் அன்று எழுதியதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.

9 அக்டோபர்

நவராத்திரி. கீழே கர்பா நடக்கிறது. ஒலிபெருக்கியைப் பத்து மணிக்கு நிறுத்த வேண்டும் என்ற விதியை எங்கள் செயலாளர் ஒன்பது ஐம்பதுக்கே அறிவித்துக்கொண்டிருக்கிறார், பிடே மாஸ்டரே தோற்றார். மாடிக் குஜராத்திப் பெண்மணி படியில் பார்த்து, 'உங்கள் அம்மா எப்படி இருக்கிறார், அவரைப் போல தயா ஆட்டம் ஆட இங்கே ஆள் இல்லை' என்றார். இரண்டு கையையும் சேர்த்து முன்னால் நீட்டி நீட்டி ஆடும் அந்த ஆட்டம். அம்மா அதை தயாவிடம் கற்றாள். மாடிப் பெண்மணி அம்மாவிடம் கற்றிருக்கிறார், ஒரு குஜராத்தி அம்பாசமுத்திரத்துக்காரியிடம்.

இன்றைக்கு எட்டரைக்கு வைத்துப் பார்த்தேன். அங்கேயும் நவராத்திரி. கூட்டம் இருந்தது, விளக்கு இருந்தது, எல்லாரும் ஆடினார்கள். ஜேட்டாலால் ஒரு கணம் வாசல் பக்கம் பார்த்தான். நடிப்பா, தற்செயலா தெரியவில்லை. பத்து நிமிடம் இருந்துவிட்டு அணைத்தேன்.

2 நவம்பர்

தீபாவளிக்கு அம்மாவிடம் பேசினேன். இங்கே எழுதியதையெல்லாம் சுருக்கிச் சொல்லி, தொடரை முடித்துவிடலாமா, உன் தீர்ப்பு என்ன என்று கேட்டேன். அம்மாவுக்கு இப்போது 81. தம்பி மகன் அவளுக்கு ஒரு போன் கொடுத்திருக்கிறான், அதில் யூடியூப். தெருவில் இந்தி தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான். மத்தியானம் இரண்டு மூன்று பெண்கள் வந்து உட்காருவார்கள், அம்மா நிறுத்தி நிறுத்திக் கதை சொல்வாள்.

"புதுசு எதற்கு? நான் பார்ப்பது எல்லாம் பழையது. அதில் தயா இருக்கிறாள். அது முடிந்தால் மறுபடி முதலிலிருந்து வருகிறது. அவர்கள் முடித்தால் என்ன, முடிக்காவிட்டால் என்ன?" என்றாள்.

அப்படியானால் நட்டு காகாவும் பழையவர்தானே வருகிறார் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஏலே, அவர் செத்துப்போனது அன்றைக்கே எனக்குத் தெரியும். எதிர்வீட்டுப் பிள்ளை போனில் காட்டினாள். நீயாகச் சொல்வாய் என்று மூன்று வருஷமாக இருக்கிறேன். ஆள் இளைத்துவிட்டார் என்று சொல்லிக்கூடப் பார்த்தேன்" என்றாள்.

என்ன சொல்வது என்று தெரியாமல், லிஃப்ட் ஓட ஆரம்பித்துவிட்டது என்றேன். நல்லது என்றாள். அனுப்பிய பார்சல் வந்ததா, முறுக்கு உடையாமல் வந்ததா என்று கேட்டாள். பாதிக்கு மேல் தூள். ஒன்றுகூட உடையவில்லை என்று சொல்லிவிட்டு வைத்தேன்.